சத்தியபாய் கூப்பிடாமல் நின்ற நேரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை தேடிப் போகவில்லை. அருமனைக்கு மேலே, ரப்பர் தோட்டத்துத் துரைமார் கோல்ப் விளையாடிய மைதானத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத்தான் போனேன். எத்தனை குழி, யார் யார் ஆடினார்கள் என்றெல்லாம் கேட்டேன். அந்தக் காலத்தில் அங்கே புல் வெட்டிய சத்தியபாய் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

"இடி விழுந்தத சொல்லட்டா?" என்றார்.

கட்டுரை அதோடு போயிற்று.

2

முதல் தொடக்கம்: 'யானைக் கூட்டம்போல மேகங்கள் மலையிறங்கி'

(அடித்துவிட்டேன். சத்தியபாய் மேகத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து புல் வெட்டிக்கொண்டிருந்தாள்.)

இரண்டாவது: 1952, ஐப்பசி, ஒரு பிற்பகல். அன்று ஆட்டமில்லை. மைதானத்தில் இரண்டே பெண்கள். சத்தியபாய்க்கு இருபத்திரண்டு வயது. பத்தடி தள்ளி தேவகனி, அவளுடைய அண்ணன் மனைவி. மூன்று மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

அண்ணன் ஜான்ரோஸ் சிலோனுக்குப் போனவன், கடிதம் போடுவதை நிறுத்திவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்கள் கூடி நின்றபோது சத்தியபாய் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "ஒங்க நாக்குக்குப் பயந்துதான் அண்ணன் கப்பலேறினான்."

தேவகனி பதில் பேசவில்லை. வீட்டுக்கு நடந்துவிட்டாள். அதுதான் சத்தியபாயைக் குடைந்தது. அப்படிப்பட்ட நாக்காக இருந்தால் அங்கேயே நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாளே!

3

மழை சொல்லாமல் வந்தது. சத்தியபாய் ஓடிப்போய், கோல்ப் மட்டைகள் வைக்கும் ஓட்டுக் கொட்டகைக்குள் புகுந்தாள். தேவகனி பின்னால் வரவில்லை. எதிரே தனியாக நின்ற அயனி மரத்தடியில் ஒதுங்கி, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.

(அயனியா, பலாவா என்று இரண்டுமுறை கேட்டேன். "மரம். அது போராதா?" என்றார்.)

இடி நெருங்கி வந்தது. கூப்பிட வேண்டும் என்று சத்தியபாய்க்குத் தெரியும். அண்ணியைக் கூப்பிடும் 'மைனி' என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் முதலில் பேசினால் தோற்றுப்போனதாக ஆகுமே. அவங்களே வரட்டும். இன்னொரு மின்னல் வெட்டினால் தானாக ஓடி வருவாங்க என்று

(வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அவரும் இங்கேதான் நிறுத்தினார்.)

4

மரம் பிளந்தது.

'தேவகனி இறந்தாள்' என்று ஒரு பிரதியில் எழுதினேன். சோகம் சுலபமாக வந்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன். அவள் சாகவில்லை.

சத்தியபாய் மழையில் ஓடி, சேற்றில் கிடந்தவளைத் தூக்கி மடியில் கிடத்தினாள். இரண்டு காதிலும் ரத்தம். கொஞ்ச நேரத்தில் தேவகனி கண் திறந்தாள்.

"மைனி, நான் சொன்னது தப்பு. அண்ணன் போனதுக்கு நீங்க காரணமில்ல. கேக்குதா மைனி?"

தேவகனி அவள் வாயையே பார்த்தாள்.

"நீ ஏம்மக்கா சத்தமில்லாம பேசுதே?"

5

அந்தக் காதுகள் திரும்பவில்லை. இருவருக்கும் எழுத்து தெரியாது. மறுபடியும் பக்கத்தில் பக்கத்தில் புல் வெட்டினார்கள்; ஒரே போணியில் கஞ்சி குடித்தார்கள். சோறு, தண்ணீர், மழை என்று கையால் சொல்லிவிடலாம். 'நான் அன்று சொன்னது பொய்' என்பதைக் கை எப்படிச் சொல்லும்?

1956இல் தேவகனி தன் தம்பி வீட்டோடு இருக்க ஆரல்வாய்மொழிக்குக் கிளம்பினாள். பஸ் நிற்கும் இடத்தில் சத்தியபாய் கைகூப்பினாள். பிறகு தன் வாயிலேயே பட்டுப்பட்டென்று அடித்துக்கொண்டு அழுதாள்.

தேவகனி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பல்லு வலியா மக்கா? கிராம்பு வச்சுக் கடி" என்றாள். பஸ் வரும்வரை கையை விடவில்லை.

புரியாமல் சொன்னாளா? புரிந்ததனால்தான், அழுகையை நிறுத்த அப்படிச் சொன்னாளா?

"மைனிக்குப் புரிஞ்சுட்டுதுன்னு எழுதட்டுமா?" என்று சத்தியபாயிடம் கேட்டேன்.

"எழுதினா எனக்கு ஒறக்கம் வருமா?" என்றார்.

நான் எழுதவில்லை. உங்களால் முடிந்தால் எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன்.

பஸ் புறப்பட்டதும் தேவகனி ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்து,