வெள்ளைத்தாய்க்கு எழுதிய கண்

1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், எப்போதும்வென்றான் கிராமத்தில் உயிரோடு இருந்த ஒரு பெண்ணுக்கு அவளுடைய மகளே ஒப்பாரி வைத்தாள். குற்றம் மகளுடையதன்று. கோவில்பட்டியில் நடந்த புகைப்படப் போட்டியில் முதற்பரிசு பெற்ற படத்தில் வெள்ளைத்தாயின் முகம் இருந்தது. வெள்ளைத்தாயின் கண்கள் இல்லை. முறையீடு இவ்வளவுதான். கேட்க வேண்டியவர்கள் இன்றுவரை கேட்காததால், நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

படத்தை எடுத்தவன் லிங்கராஜ். கோவில்பட்டி ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில், கடலைமிட்டாய்க் கடையொன்றின் மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தான். தீப்பெட்டி ஆபீஸ் என்கிற தொழிற்சாலைகளின் ஆட்களுக்கு அடையாள அட்டைப் படம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் படம், கல்யாணம், சடங்கு என்று இருபது வருஷத் தொழில். ஆனால் சுற்றுப்பட்டி ஊர்களில் அவனுக்கு வழங்கிய பெயர் வேறு. கண்ணெழுதுகிற லிங்கராஜ் என்றால்தான் ஆள் தெரியும்.

இழவு வீட்டிலிருந்து ஆள் வரும், போவான். பிணத்தை நாற்காலியில் சாய்த்து உட்கார்த்தி, பின்னால் இருவர் வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொள்ளப் படம் எடுப்பான். இருந்த காலத்தில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளாத மனிதர்களுக்கு அதுதான் முதற்படம். கண் மூடிய படத்தை வீட்டில் மாட்ட ஒருவரும் சம்மதிப்பதில்லை. ஆகவே பெரிதாக்கிய பிரதியில் மூடிய இமைகளைப் பிளேடு முனையால் பதமாகச் சுரண்டிவிட்டு, மெல்லிய தூரிகையால் திறந்த கண்களை எழுதிக் கொடுப்பான். தொழில் பழகிய நாளில் கண்ணாடியில் தன் கண்களைப் பார்த்துத்தான் எழுதிப் பழகினான். பிறகு கண்ணாடி தேவைப்படவில்லை; கை தானாகவே எழுதியது; ஒரே கண்களைத்தான் எழுதியது. எட்டயபுரம் சாலையின் இருபக்கத்து ஊர்களிலும் செத்தவர்கள் அத்தனை பேரும், ஆணென்றும் பெண்ணென்றும் பேதமின்றி, சுவரில் மாலையோடு ஒரே மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரார் அதைக் குறையாகச் சொன்னதில்லை. செத்தவர்களின் பார்வை அப்படித்தான் ஆகிவிடும் என்று அவர்களாகவே எண்ணிக்கொண்டார்கள்.

குறை லிங்கராஜுக்குத்தான். கல்யாண வீட்டார் அவனைக் கூப்பிட வந்து, பாதி மாடிப்படி ஏறி, கூட வந்த யாரோ காதில் ஏதோ சொல்ல, இறங்கிப் போனதை அவன் பலமுறை பார்த்திருக்கிறான். உயிருள்ள ஒரு படத்துக்காகத் தன் பெயர் ஒருமுறையாவது சொல்லப்பட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை.

அப்படி ஒரு படம் அவனுக்கு 1996 ஐப்பசியில் கிடைத்தது. அவ்வருஷம் மேகம் மூன்று முறை கூடிக் கூடிக் கலைந்திருந்தது. எப்போதும்வென்றானில் ஒரு சடங்கு வீட்டை முடித்துக்கொண்டு, ஊருக்கு வெளியே பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தான் லிங்கராஜ். சாலையை ஒட்டிய கரிசலில் மழையை நம்பிப் புழுதி விதைப்பு நடந்துகொண்டிருந்தது. விதைத்தவள் பிச்சையாவின் மனைவி வெள்ளைத்தாய். ஐம்பதை நெருங்கியவள், கைராசிக்காரி என்று பெயரெடுத்தவள். சுற்றிலும் எவர் புஞ்சையானாலும் முதல் விதை அவள் கையால்தான் விழ வேண்டும். அவளுக்கு இருந்த மதிப்பெல்லாம் அதுதான். விதைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் பாதிப் புஞ்சையைக் கடந்தபோது மழை விழுந்தது. தூறலாகத் தொடங்கவில்லை, பெருந்துளியாகவே விழுந்தது. அவள் நின்றாள். முகத்தை வானத்துக்குக் கொடுத்தாள். கண்களை மூடிக்கொண்டாள். வாய் சற்றே திறந்திருந்தது.

லிங்கராஜின் காமிராவில் அடையாள அட்டைக்கென்று போட்ட கறுப்பு வெள்ளைச் சுருளில் இரண்டு படம் மிச்சம் இருந்தது. புஞ்சைக்குள் ஓடினான். வழுக்கி, ஒரு முழங்கால் மண்ணில் புதைய, அந்த நிலையிலேயே அழுத்தினான். மழையையா படம் எடுக்கிறாய் என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். அவளுக்கு ஒரு பிரதி கொண்டுவந்து தருவதாக அவன் வாக்குக் கொடுத்தான். பத்து மாதம் கொடுக்கவில்லை.

படத்தில் குறைகள் இருந்தன. இல்லையென்று சொல்வது பொய். தரை இடப்பக்கம் சரிந்திருந்தது. லென்ஸில் ஒரு துளி விழுந்து ஓரம் கலங்கியிருந்தது. கண்கள் மூடியிருந்தன. ஆனால் பிரதியைக் காயப்போட்ட அவன் மனைவி சுதாராணி, அதைப் பார்த்தபடியே முந்தானையால் தன் கன்னத்தைத் துடைத்தாள். துடைத்த பிறகுதான், துடைக்க ஒன்றுமில்லை என்று உணர்ந்து சிரித்தாள்.

அடுத்த ஆண்டு சுதந்திரப் பொன்விழா. வியாபாரிகள் சங்கம் ஒன்று புகைப்படப் போட்டி அறிவித்தது. அச்சடித்த தாளில் மூன்றாவது விதி இது: ‘சாய்ந்தவை, தெளிவற்றவை, கண் மூடியவை ஆகிய குறையுள்ள படங்கள் ஏற்கப்படா.’ குறையில்லாத படங்கள் லிங்கராஜிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. கோபுரம், கொடி பிடித்த குழந்தை, கயத்தாற்றுப் பக்கத்துக் காற்றாலை. எல்லாம் நேராக, தெளிவாக, கண் திறந்து இருந்தன. ஒன்றையும் இரண்டாம் முறை பார்க்கத் தோன்றவில்லை. மழைப்படத்தை அனுப்பலாமா கூடாதா என்று நாலு நாள் புழுங்கிவிட்டு, ஐந்தாம் நாள் சங்கச் செயலாளரான சங்கரபாண்டியிடமே எடுத்துக்கொண்டு போனான். சங்கரபாண்டி இரண்டு தீப்பெட்டி ஆபீஸுக்கு முதலாளி. வாங்கித் தின்ற கடலைமிட்டாய்க்குக்கூட ரசீது கேட்கிறவர்.

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பார்த்து அவர் மனம் இளகியதை லிங்கராஜ் கண்டான். அதற்குப்பின் அவர் செய்ததை இளகாதவர் ஒருவர் செய்திருந்தால் பொறுத்திருக்கலாம்.

“படம் நல்லாத்தாம்லே இருக்கு. ஆனா கண்ண மூடிக்கிட்டுல்லா நிக்குதா. இத மண்டபத்துல வச்சா, வாரவன் செருப்பக் கழத்திப் போட்டுட்டுக் கும்பிட்டுட்டுப் போயிருவான்.”

ஆபீஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“மழை விழுதுல்லா அண்ணாச்சி. மழைக்குக் கண்ண மூடாம யாரு நிப்பா?” என்றான் லிங்கராஜ்.

“உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மதுரையிலேருந்து வார நடுவருக்குத் தெரியுமா? விதின்னு ஒண்ணு அடிச்சுக் குடுத்தாச்சு. ஏலே, செத்தவனுக்கே கண்ணத் தொறந்து விடுதவன் நீ. உசுரோட இருக்கவளுக்குத் தொறந்துவிட மாட்டியாக்கும்?”

அந்தச் சொல்லை வீடுவரை சுமந்துகொண்டு வந்தான். சுதாராணி கேட்டுவிட்டு, கொடுப்பதானால் அப்படியே கொடுங்கள், இல்லையென்றால் கொடுக்காதீர்கள் என்றாள். அப்படியே கொடுத்தால் எடுத்த எடுப்பில் தள்ளிவிடுவார்கள் என்றான் அவன்.

“தள்ளட்டும். அவிய தள்ளுனா அது அவிய பாடு. நீங்க ஏன் முந்திக்கிட்டுத் தள்ளுதீங்க?”

போட்டியின் கடைசித் தேதி நெருங்கியது. அதற்கு முந்தின நாள், மாடிப்படி பாதியில் திரும்பிப்போன கல்யாண வீட்டார் ஒவ்வொருவராக அவன் நினைவில் வந்தார்கள். பெரிய பிரதி ஒன்றை மேசையில் வைத்தான். சரிந்த தரையை வெட்டி நேராக்கினான். கலங்கிய ஓரத்தைத் தூரிகையால் தெளிவாக்கினான். இமைகளைச் சுரண்டினான். கண்களை எழுதினான். திருத்தியதை மறுபடி படம் பிடித்துப் புதுப் பிரதி போட்டான். எழுத அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கை பழகிய வேலை.

ஆகஸ்டு பதினைந்தில் அதற்கே முதற்பரிசு. மழைக்கும் இமைக்காத பெண்ணின் அஞ்சாத பார்வை என்று நடுவர் மேடையில் வியந்தார். கீழே, கிராமத்திலிருந்து வந்திருந்த ஒருத்தி படத்தின் முன் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். லிங்கராஜ் கோப்பையைக் கையில் பிடித்தபடி அதைப் பார்த்தான். வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. வெள்ளைத்தாயின் மகள் பேச்சித்தாயை மணியாச்சியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் கணவன் இசக்கிபாண்டி ரயில்பாதை வேலைக்காரன். அன்று பணியில் வெளியூர் போயிருந்தான். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி, உன் அம்மா மாதிரி இருக்கிறதே என்று தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். இருவருக்கும் வாசிக்கத் தெரியாது. தாயின் முகத்தில் பேச்சித்தாய் கண்டவை, பிறந்த வீட்டுச் சுவரில் மாலைக்குள்ளிருந்து பார்க்கும் அப்பாவைப் பெற்ற ஆச்சியின் கண்கள். பத்திரிகையில் அப்படிப் படம் போடுவது எதற்கென்று அவளுக்குத் தெரிந்தது ஒரே காரணம்தான். விடிந்ததும் முதல் ரயிலைப் பிடித்து, இறங்கிப் பஸ் ஏறினாள். ஊர் எல்லையிலேயே கூந்தலை அவிழ்த்துவிட்டாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு தெருவில் அவள் நுழைந்தபோது, வெள்ளைத்தாய் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

ஊர் மூன்று நாள் சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசிக்கத் தொடங்கியது.

ஒப்பாரிக்கு மறுநாள், திங்கட்கிழமை, வெள்ளைத்தாய் ஸ்டூடியோவின் படியேறி வந்தாள். அவள் சத்தம் போடவில்லை. மஞ்சள் பையிலிருந்து மாமியார் சொர்ணத்தாயின் கண்ணாடிச் சட்டமிட்ட படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பக்கத்தில் பத்திரிகைத் தாளை வைத்து நீவிவிட்டாள்.

“எங்க அத்தைக்கு நீ எழுதுன கண்ணு இது. இங்கன இருக்கது யாரு கண்ணு தம்பி?”

கண் மூடிய படத்தைப் போட்டியில் ஏற்க மாட்டார்கள் என்று லிங்கராஜ் தொடங்கினான். அவள் முடிக்க விடவில்லை.

“மழைக்குத்தான தம்பி நான் கண்ண மூடுனேன். சாவுக்கா மூடுனேன்?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பத்து மாதத்துக்கு முன் வாக்களித்த பிரதியைச் சுதாராணிதான் உள்ளேயிருந்து எடுத்துவந்து கொடுத்தாள். சரிந்த தரையும் கலங்கிய ஓரமும் மூடிய கண்ணுமாக இருந்த மூலப்படம். வெள்ளைத்தாய் அதை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். இதில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்டதாகத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அன்று மாலையே கோப்பையையும் மூலப்படத்தையும் எடுத்துக்கொண்டு லிங்கராஜ் சங்கரபாண்டியிடம் போனான். பரிசு வேண்டாம், கண்கள் எழுதப்பட்டவை என்று பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள், இந்தப் படத்தை வெளியிடச் சொல்லுங்கள் என்றான். சங்கத்தின் அடுத்த ஆண்டுக் காலண்டருக்குக் கண் எழுதிய அந்தப் பரிசுப் படம்தான், அச்சடிக்கச் சிவகாசிக்கு அனுப்பியாகிவிட்டது என்றார் அவர். லிங்கராஜ் நகராமல் நின்றான்.

“கப்ப வாங்கக் கைய நீட்டுனியே, அப்ப எங்கலே போச்சு இந்த நியாயம்?”

“எழுதுனது என் தப்பு அண்ணாச்சி. எழுதச் சொன்னது நீங்க.”

“சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அந்தப் பொம்பளைக்கு ஒரு சேல எடுத்துக் குடுத்திருவோம், போ.”

சேலை போகவில்லை, போயிருந்தாலும் அவள் வாங்கியிருக்க மாட்டாள். புரட்டாசி பிறந்தது. புஞ்சைகள் உழுது கிடந்தன. முதல் விதை போட வெள்ளைத்தாயை எவரும் கூப்பிடவில்லை. சொந்தக் கொழுந்தன் பெண்டாட்டியே வாசலில் வந்து நின்று, “தப்பா நெனைக்காத மயினி. ஒப்பாரி விழுந்த ஆளு. இந்த ஒரு வருசம் போகட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு வருஷம் போயிற்று. அதற்கடுத்த வருஷமும் கூப்பிடவில்லை. வேறு கை பழகிவிட்டது. வெள்ளைத்தாய் தன் புஞ்சையில் மட்டும் விதைத்தாள். மழை விழுந்தால் ஓரத்து வேப்பமரத்துக்குப் போய்விடுவாள். முகத்தைத் தூக்குவதில்லை.

தைக்குள் காலண்டர் எல்லாக் கடைகளிலும் தொங்கியது. அவள் உப்பும் புளியும் வாங்குகிற கடையில், கடைக்காரர் பக்திமான், படத்தின் நெற்றியில் சந்தனம் வைத்துப் பூச்சரம் சுற்றியிருந்தார். அவள் கேட்ட சாமானை வாங்காமலே திரும்பினாள்.

லிங்கராஜ் அதன்பின் எவருக்கும் கண் எழுதவில்லை. இழவு வீட்டார் திட்டிவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டார் வந்துவிடவும் இல்லை. அடுத்த ஆண்டுப் போட்டிக்கு, வெட்டாமல் துடைக்காமல் மூலப்படத்தை அப்படியே அனுப்பினான். பத்தாம் நாள் அது திரும்பி வந்தது. கூடவே விதிகள் அச்சடித்த தாள், அதில் மூன்றாவது விதியின் கீழ்ச் சிவப்பு மையில் ஒரு கோடு. முதற்பரிசு கொடுத்த முகம் என்று அங்கே ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அந்தக் கோடிட்ட தாளையும் படத்தையும் சேர்த்துச் சட்டம் போட்டு, மாடிப்படியின் பாதியில், திரும்பிப் போகிறவர்கள் திரும்புகிற இடத்தில், மாட்டினான்.

வாசிக்கிறவர்களே, 1998-ஆம் ஆண்டின் அந்தக் காலண்டர், தேதித்தாள் எல்லாம் கிழிந்தபின்பும் படம் நன்றாக இருக்கிறதென்று, உங்களில் பலர் வீட்டில் அட்டையாக இன்னும் தொங்குகிறது. எழுந்து போங்கள். பூச்சரம் இருந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டு விரல்களால் அந்தக் கண்களை மறைத்துவிட்டு, நெற்றியையும் திறந்த வாயையும் பாருங்கள். பார்த்தபின் அந்த அட்டையைக் கழற்றி, குறை எதுவென்று அதன் முதுகில் உங்கள் கையால் எழுதி, பரிசு கொடுத்தவர்களுக்கே திருப்பி அனுப்புங்கள்.