கடைசி வரிசைக்கு வராத தண்ணீர்

ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியாருக்கு வாய் கொஞ்சம் நீளம். முப்பத்திரண்டு வருடம் பிறர் தவறைத் திருத்தியே சம்பளம் வாங்கியவர், வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா? மனைவி சாயங்காலம் ஹோஸைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் நின்றால் போதும், "செடிக்குத் தண்ணி ஊத்துறியா, இல்ல நீச்சல் கத்துக்கொடுக்கிறியா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்பார். அந்த அம்மாள் ஹோஸை அடுத்த செடிக்குத் திருப்புவார். தக்காளியும் கத்தரியும் மிளகாயும், பின்சுவரோரம் குச்சி நட்டு அவரே வளர்த்த ஐந்து ரோஜாச் செடிகளும் அந்த ஹோஸ் தண்ணீரில்தான் தழைத்திருந்தன.

ஒருநாள், சொட்டுநீர் போட்டே தீருவது என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு குழாய்க் கடைக்குக் கிளம்பினார். கடைக்காரர் அவரிடம் படித்தவர். படித்தவர் என்றா சொல்வது? மூன்று வருடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து 'மரமண்டை' என்று பேர் வாங்கியவர். பேர் வைத்ததும் வாத்தியார்தான்.

கடைக்காரர் எழுந்து வணக்கம் சொன்னார். தெளிப்பான், சொட்டுநீர்க் குழாய், மண்ணில் புதைக்கிற கசிவுக் குழாய் என்று ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, "டேங்க் தரையிலேருந்து எத்தனை அடி உயரத்துல இருக்கு சார்?" என்று கேட்டார்.

"அடேய் மரமண்டை, எனக்கே அழுத்தம் பாடம் நடத்துறியா?"

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். கடைக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தார்.

"அதுக்கில்ல சார். உயரம் பத்தலன்னா கடைசி வரைக்கும் தண்ணி போகாது. சின்ன மோட்டார் வைக்கணும். இல்லேன்னா இப்போ அம்மா பிடிக்கிற ஹோஸே போதும்."

"எல்லாம் வரைஞ்சு கொண்டாந்திருக்கேன். அதுல உள்ளத எடுத்துக் குடு."

அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கணவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

இரண்டு நாள் முட்டிபோட்டு வாத்தியாரே குழாய் பதித்தார். இனித் தண்ணீர் விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று மனைவியிடம் படித்துப் படித்துச் சொன்னார். தண்ணீரைத் திறந்ததும் முதல் வரிசைத் தக்காளிக்கு எண்ணி வைத்ததுபோல் சொட்டியது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, அரை மணி நேரம் விளக்கமும் கொடுத்தார். அந்த மனிதரும் தலையாட்டிவிட்டுத் தப்பித்துப் போனார். வெயில் தாங்கட்டும் என்று மனைவி செடிகளின் அடியில் காய்ந்த சருகைப் பரப்பினார்.

மூன்றாம் நாள் விடிகாலை ரோஜாப் பக்கம் போன வாத்தியார் சருகை விலக்கிப் பார்த்தார். மண் புழுதியாகக் கிடந்தது. குழாயின் சொட்டு முனையைத் தட்டினார், ஊதினார், நசுக்கிக்கூடப் பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. தோட்டம் பின்பக்கம் லேசாக மேடு. டேங்க் நிற்பதோ மூன்றடித் திண்டில். ஒன்பதாம் வகுப்புப் பாடம் அது. வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு அவரே நடத்தியது. காது மடல் வரை சூடேறியது.

சொல்லியிருக்கலாம். 'தப்பு பண்ணிட்டேன்' என்று சொன்னால் குடியா முழுகிவிடும்? ஆனால் வாத்தியார் சொல்லவில்லை. குளியலறை வாளியை எடுத்துவந்து, மனைவி எழுவதற்குள் முட்டிபோட்டு ஐந்து செடிக்கும் ஊற்றிவிட்டு, வாளியைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தார். மறுநாளும் அப்படியே. இலை பழுத்தபோது தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு வாளியாக்கினார். சொந்த வீட்டில் திருடன்போல் அடிமேல் அடி வைத்து நடந்தார்.

மூன்று வாரத்தில் ரோஜா ஐந்தும் தலை தொங்கிப் போயின. மனைவிக்கு மனசு கேட்கவில்லை. கடைக்காரருக்கு ஃபோன் போட்டார். மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே அவர் வந்துவிட்டார். சருகை ஒதுக்கி, ஒரு செடியைப் பிடுங்கி, வேரை முகர்ந்து பார்த்தார்.

"வேர் அழுகிப்போச்சு சார். தண்ணி ரொம்ப ஜாஸ்தி." குழாய் முனையைத் திருகினார். "இதுல ஒரு சொட்டு வரலையே. பின்ன இவ்வளவு தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

வாத்தியார் சுவரைப் பார்த்தார்.

"நான்தான் தம்பி," என்றார் அந்த அம்மாள். "இதுக்கு வரலன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சு. சொன்னா இவர் மனசு நோகுமேன்னு, இவர் நடக்கப் போற நேரத்துல சாயங்காலம் ஒரு வாளி ஊத்திட்டிருந்தேன்."

வாத்தியாரின் வாய் அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம்.

"கைய வைக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? இப்போ பாத்தியா?"

"ஒரு வாளிக்கு வேர் இப்படி அழுகாதே," என்று கடைக்காரர் மண்ணைப் பார்த்துச் சொன்னார். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மனைவி ஐந்து செடியையும் பிடுங்கிக் குப்பையோரம் வைத்தார். "என் புத்தியச் செருப்பால அடிக்கணும். நீங்க படிச்சுப் படிச்சு சொன்னீங்க."

அதற்குமேல் வாத்தியாரால் தாங்க முடியவில்லை. "காலையில நானும் ஊத்தினேன். ரெண்டு வாளி. தினமும்."

அந்த அம்மாள் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். "நீங்க ஊத்தினதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. அந்தத் தம்பி எதிர்ல என்னைத் திட்டினீங்களே." அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய்விட்டார்.

வாத்தியார் கடைத்தெருவுக்கு நடந்தார். கடையில் கூட்டம். எதிர்ச் சாரியில், நிழலில் நின்றார். கூட்டம் கலையட்டும் என்றுதான் நிற்கிறோம் என்பது புரிந்தபோது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. தெருவைக் கடந்து, ஆட்களை விலக்கிக்கொண்டு மேசை முன்னால் போய் நின்றார்.

"தம்பி, செடியைக் கொன்னது நான். அவளைவிட ரெண்டு மடங்கு நான்தான் ஊத்தினேன். உன் எதிர்ல வாய மூடிட்டு இருந்தேன். போதாததுக்கு அவளையும் திட்டினேன்."

கடையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"தெரியும் சார்," என்றார் கடைக்காரர். "காலையிலயே உங்க பேன்ட் முட்டியில ஈரச் சேறு பார்த்தேன். நீங்களே சொல்வீங்கன்னுதான் குனிஞ்சுகிட்டு இருந்தேன்."

வாத்தியாரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "என் வீட்டுக்கு எது சரிப்படும்னு நீயே சொல்லு."

கடைக்காரர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "டேங்க் எத்தனை அடி உயரத்துல சார் இருக்கு?"

"மூணடி," என்றார் வாத்தியார். குரல் எழும்பாததால் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.