ரெண்டு தரம் கேட்டவர்

சுலோஜனா கணினியை மேசையில் வைத்துத் திறந்தபோது, அறைக் கதவைச் சாத்த வேண்டாமென்று அடுத்த அறையிலிருந்து அப்பா சொல்லியனுப்பினார். இனிச் செய்ய ஒன்றுமில்லையென்று ஆஸ்பத்திரியில் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இணையவழியில் நடக்கும் ஆய்வுப் பட்டத்துக்கான வாய்மொழிப் பரீட்சையைத் தள்ளிப்போடக் கேட்கிறேன் என்று அவள் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை.

சித்தாண்டியில் கலியாணமென்றால் அவள் அப்பா சாமித்தம்பியின் ஒலிபெருக்கிதான். வருடக்கணக்காக ஊரின் காதைக் கிழித்த மனிதர், ஏறாவூரிலிருந்து பார்க்க வந்த கூட்டாளி நளீரைப் பிடித்து, பக்கத்துத் தெருக் கலியாண வீட்டில் பாடிக்கொண்டிருந்த தன் பெட்டிகளையே மகளின் பரீட்சை முடியும்வரை நிறுத்துவித்தார்.

பூமியின் மேலோட்டுப் பாறை ஒரே சீரானதல்ல, நில அதிர்வலை சில திட்டுகளில் விரைந்தும் சிலவற்றில் தாமதித்தும் போகிறது என்று சுலோஜனா தொடங்கினாள். திட்டுகள் மிகச் சிறியவை. ஒவ்வொன்றாக வரைய முடியாது. எவ்வளவு மாறுகின்றன, எவ்வளவு தூரத்துக்குள் மாறுகின்றன என்பதைப் புள்ளிவிபரமாகச் சொல்லலாம்.

ஒரு திட்டைக்கூடக் காட்டாத கணக்கால் என்ன பயன் என்று திரையிலிருந்த பேராசிரியர் கேட்டார். விளக்கினாள். மறுபடியும் அதையே கேட்டார். திட்டைக் காட்ட எனக்குத் தெரியாது, ஆனால் ஓரிடத்தில் நிலம் எவ்வளவு நேரம் ஆடும் என்று சொல்லுவேன், கட்டிடம் கட்டுகிறவருக்கு அது போதும் என்றாள்.

தேறிவிட்டாள். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள்.

"அந்தாள் ஏன், மகள், ரெண்டு தரம் கேட்டவர்?"

"அவருக்கு விளங்கல்லயாம் அப்பா."

"எனக்கும்தான் விளங்கல்ல. நான் ரெண்டு தரம் கேட்டனா?"

சிரிப்பு இருமலாகி அடங்கியது. இனிப் பாட்டைப் போடலாம் என்று நளீரிடம் சொன்னார். பாட்டு வந்தது. கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டார்.

"பெட்டி கரகரக்குது. வயரப் பாக்கச் சொல்லுங்க."

பாட்டு முடியுமுன் அம்மாவின் கைக்குள் இருந்த அவர் கை தளர்ந்தது.

வந்தவர்களுக்குத் துக்கம் விசாரிப்பதா வாழ்த்துவதா என்று தெரியவில்லை. பாஸானதுக்கு முதலில் வாழ்த்துச் சொல்லுங்கள், அவர் அதைக் கேட்டுவிட்டுத்தான் போனார் என்று அம்மா எல்லாருக்கும் சொன்னாள்.

அப்பாவின் அக்கா கண்ணகை வாசல் கடப்படியிலேயே ஒப்பாரியைத் தொடங்கியபடி வந்தாள். சங்கதி கேட்டு நிறுத்தி, கையைச் சேலையில் துடைத்து, சுலோஜனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு தம்பியின் தலைமாட்டில் குந்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். இப்போது மகளின் பட்டமும் ஒப்பாரியில் வந்தது. படித்த பாடத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் மாமி திணறினாள்.

சுலோஜனா குனிந்து, அவள் காதில் மெல்ல எடுத்துக்கொடுத்தாள்.