இடம் மாறிய பெயர்ப்பட்டை

மருத்துவமனையின் முதல் மாடி நடைவழியில், முன்பு தலைமைச் செவிலியராக இருந்த ஐவரின் உருவப்படங்கள் வரிசையாகத் தொங்கின. ஆறாவது படத்திற்கென அடித்த ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது. அந்த ஆணிக்கு உரிய இப்போதைய தலைமைச் செவிலியர் அம்மாத இறுதியில் பணி ஓய்வு பெறவிருந்தார். மூன்றாண்டுகளுக்கு முன் முகவாதம் கண்டதில் அவருடைய வலக் கன்னமும் வாயின் வலக் கோடியும் சற்றே இறங்கிவிட்டன. அதன்பின் அவர் எந்தப் புகைப்படத்திற்கும் நின்றதில்லை.

"அஞ்சு பேரு தொங்குறாங்க. நான் ஒருத்தி தொங்கலைன்னா ஆஸ்பத்திரி ஒண்ணும் இடிஞ்சு விழுந்துடாது" என்று கண்காணிப்பாளரிடமே சொல்லிவிட்டார்.

கணினியில் உருவப்படம் வரைவதையே தொழிலாகக் கொண்ட அவருடைய தங்கைதான் விடவில்லை. "போட்டோ வேணாம்க்கா. நான் வரையுறேன். பிடிக்கலைன்னா நீயே அழிச்சிடு" என்றாள். அக்காள் அரை மனத்தோடு இசைந்தார்.

தங்கையின் படங்களுக்கென ஓர் அடையாளம் உண்டு. முகத்தின் ஒரு பாதியின்மேல் விளக்கொளி சாய்ந்து விழும். மறு பாதி ஏறக்குறைய இருளில் கரையும். அக்காளுக்கும் அவ்வாறே செய்தாள். பின்னால் கறுப்புத் துணியைக் கட்டி, அக்காளின் இடப்பக்கம் மேசை விளக்கை வைத்து, ஒரு மணி நேரம் உட்காரவைத்து வரைந்தாள். வலக் கன்னம் இருளுக்குள் போயிற்று. இஃது அழகுக்காகவா, மறைப்பதற்காகவா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பத்து நாள் வேலை. ஒரே படத்தை நெடுநேரம் பார்த்திருந்தால் கண் பழகிவிடும்; பிழை தெரியாது. அதற்காகக் கணினி ஓவியர்கள் படத்தை இடவலமாகப் புரட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு விசையை அழுத்தினால் போதும். வேறு யாரோ வரைந்ததுபோல் தோன்றும். கோணிய கண்ணும் நீண்ட மூக்கும் தாமே அகப்படும். அவளும் புரட்டினாள், மூக்கைத் திருத்தினாள், காதைத் திருத்தினாள், மறுபடி புரட்ட மறந்தாள். பெயர்ப்பட்டையின் எழுத்துகளைக் கடைசியில்தான் எழுதினாளாதலால், அவை நேராகவே அமைந்துவிட்டன. இல்லையெனில் அவையே காட்டிக்கொடுத்திருக்கும்.

சனிக்கிழமை முற்பகல் அக்காளும் அத்தானும் வந்தார்கள். மாலைக்குள் படம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அக்காள் திரையின் முன் வந்து நின்று பார்த்தார்.

"என்னக்கா, அழிச்சிடவா?"

"சும்மா இருடி. இதுதான் நான். தினமும் காலையில தலை வாரும்போது பாக்குற மூஞ்சி. போட்டோவுல எல்லாம் எவளோ ஒருத்தி வந்து உக்காந்திருப்பா."

அத்தான் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். "எனக்கென்னமோ இடிக்குது. உங்கக்காவுக்கு ஒரு அக்கா இருந்தா இப்படி இருப்பா."

"இத்தனை வருஷத்துல என் மூஞ்சியப் பாத்திருந்தாத்தானே? பேப்பரைத்தானே பாத்தீங்க."

"பேப்பர் எதிர்த்துப் பேசுறதில்லையே."

சிரித்தபடியே திரையருகில் குனிந்த அக்காளின் சிரிப்பு நின்றது. "ஏய், பேட்ஜ் எந்தப் பக்கம் இருக்கு?"

தங்கை பார்த்தாள். படத்திலிருந்த அக்காளின் வலப்பக்கம்.

"இடது பக்கம் குத்தலைன்னு எத்தனை பொண்ணுங்கள வாசல்லயே நிக்க வச்சிருக்கேன்! என் பேட்ஜே வலது பக்கம் இருந்தா, அந்தச் சுவத்தைத் தாண்டுற ஒவ்வொருத்தியும் நின்னு சிரிச்சுட்டுத்தான் போவா."

தங்கைக்கு நடந்தது விளங்கிற்று. "அய்யோ, புரட்டினதைத் திருப்பி வைக்கலைக்கா. கண்ணாடியில தெரியுற மாதிரி இருக்கு" என்று விசையை அழுத்தினாள்.

பெயர்ப்பட்டை தன் இடத்துக்குப் போயிற்று. வகிடு மாறிற்று, இருண்ட கன்னம் மறுபக்கம் சென்றது.

"ஆங், இவதான்!" என்றார் அத்தான்.

அக்காள் ஓரடி பின்வாங்கினார். "இவளை எனக்குப் பிடிக்கலை."

"பேட்ஜைத் தனி அடுக்கா, வேற லேயர்ல வரைஞ்சிருக்கேன்க்கா. மூஞ்சியை முன்ன மாதிரியே வச்சுட்டு, பேட்ஜை மட்டும் இந்தப் பக்கம் நகர்த்திடுறேன். அஞ்சு நிமிஷம். யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

அக்காள் கணவரைப் பார்த்தார். "உங்களுக்கு இதுதான் நானா?"

"என்னைத் திட்டுறது இந்த மூஞ்சிதான். அதுல சந்தேகமே இல்ல."

"வார்டுல படுத்திருக்கவங்களுக்கும்?"

"உன்னைத் தவிர எல்லாருக்கும்க்கா" என்றாள் தங்கை.

அக்காள் நாற்காலியில் அமர்ந்தார். மூன்றாண்டுகளாக இந்த முகத்தோடுதான் அவர் எத்தனையோ கட்டில்களின்மேல் குனிந்திருக்கிறார். ஊசி வலிக்குமா என்று கேட்டவர்கள் இந்த முகத்தைப் பார்த்தே கேட்டார்கள். வலிக்காது என்றபோது நம்பவும் செய்தார்கள்.

"இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு இருட்டு?"

"அது என் ஸ்டைல்க்கா."

"என்கிட்டயே கதை விடுறியா?"

தங்கை வரைகோலை உருட்டிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் ஒளிச்சுத்தான் வச்சேன்."

"முழுசா வெளிச்சம் போட்டுடாத, பாஸ்போர்ட் போட்டோ ஆயிடும். வாய் ஓரம் மட்டும் தெரியட்டும். இப்பல்லாம் எனக்குப் பேச்சு லேசாக் குழறுது இல்ல, பேஷன்ட் எல்லாம் அங்கதான் பாத்துட்டு இருப்பாங்க."

தங்கை வரைகோலை எடுத்தாள். பின்னாலிருந்து ஒரு சன்னல் திறந்தாற்போல் மெல்லிய ஒளிக்கோடு ஒன்று கன்னத்தின் விளிம்பில் இறங்கி, வாயின் தாழ்ந்த கோடியைத் தொட்டது.

"இன்னும் கொஞ்சம்."

ஒளி சற்றுப் பரவிற்று.

"போதும். சுவத்துக்கு இவளே போகட்டும்."

இடவலம் மாறிக் கிடந்த எழுத்துகளைத் தங்கை புதிதாக எழுதினாள். "முதல்ல இருந்ததை அழிச்சிடவா?"

"அழிக்காத. அவளோட பழகிட்டேன். சின்னதா ஒண்ணு எடுத்துக் குடு, பீரோக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிக்கிறேன்."

"வீட்டுல ரெண்டு பேரா?" என்று அத்தான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஒருத்தியையே தாங்க முடியல."

அக்காள் அதைக் கவனிக்கவில்லை. அச்சகத்துக்குப் படத்தை அனுப்பவிருந்த தங்கையின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருடி. பேட்ஜ் இடது பக்கம்தானே? இன்னொரு தடவை பாரு."