முந்தி வந்த பந்து

1

இந்தக் கதை எனக்குக் காரைக்குடியில் ஒரு டிவி கடையில் கிடைத்தது. பிள்ளையார்பட்டிக் கோவில் வாசலில் தோன்றியது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு ஆரிபா எச்டி டிஷ் இணைப்பு வாங்கக் கிளம்பினாள். துணைக்குக் கூப்பிட்டாள், போனேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘மேகங்களுக்கும் மேலே, தன்னந்தனியே ஒரு செயற்கைக்கோள்...’

(வேண்டாம். அது பாட்டுக்கு அங்கேயே சுற்றட்டும்.)

2

ஆரிபாவின் கணவர் ஜெய்னுலாபுதீனுக்கு ஷார்ஜாவில் வேலை. கிரிக்கெட் நடக்கும் நாளில் அவர் அங்கே, இவள் இங்கே, நடுவில் போன். ஆளுக்கொரு டிவியில் ஒரே ஆட்டம். அவர்கள் சேர்ந்து உட்காருவது அப்படித்தான். ஆனால் இவள் வீட்டுப் பழைய பெட்டியில் படம் சில நொடி பிந்தி வந்தது. இங்கே பவுலர் ஓடி வரும்போதே அங்கிருந்து “போச்சு, அவுட்டு!” என்று சத்தம் வந்துவிடும்.

“முன்னாலயே சொல்லிப்புட்டா நான் எதைப் பாக்குறது மச்சான்?”

சண்டை முற்றி, ஆட்ட நாளில் அவர் போன் செய்வதையே விட்டுவிட்டார்.

(இந்த இடத்தில் ஆரிபாவை அழவிட்டு ஒரு பத்தி இருந்தது. படித்துவிட்டு, “நான் எப்பண்ணே அழுதேன்?” என்றாள். அடித்துவிட்டேன்.)

3

கடைக்காரர் சேவுகப்பெருமாள் உற்சாகமான ஆள். “இதை எடுத்துக்கங்க தங்கச்சி. எச்டி சேனல் ஏகப்பட்டது. புல்லுல இருக்க பனி கூடத் தெரியும்.”

“படம் எம்புட்டுச் சீக்கிரம் வரும்?”

“டிஷ்ஷு மாட்டுன அன்னைக்கே வந்துரும்.”

“அதக் கேக்கலைண்ணே.”

கடை டிவியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஆரிபா ஷார்ஜாவுக்குப் போன் போட்டாள். “மச்சான், சண்டை அப்பறம். பவுலர் கையை விட்டுப் பந்து போறப்பல்லாம் ‘இந்தா’ன்னு சொல்லுங்க.”

கடைக்காரர் மாட்டிக் காட்டிய முதல் டிஷ் பெட்டியில் ‘இந்தா’ முந்தியது. அடுத்ததிலும் அப்படியே. மூன்றாவதில் பந்து போனது, பிறகுதான் ‘இந்தா’ கேட்டது.*

“இதுல சேனல் கம்மி தங்கச்சி.”

“இருக்கட்டும். ரிமோட்டுல நிறுத்தி வைக்கிற வசதி இருக்குல்ல? படம் முந்தி வந்தா நிறுத்திக்கலாம். பிந்தி வந்தா என்ன செய்யுறது?”

சேவுகப்பெருமாள் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

* பெட்டியை இப்படித் தேர்ந்தெடுக்கும் ஒருத்தியை நீங்கள் நம்பப்போவதில்லை. எனக்கே சந்தேகம் வருகிறது, சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தும்.

4

முடிவு அ: ஆரிபா பொத்தானை அழுத்தி, விட்டு, படத்தைச் சரிக்கட்டுகிறாள். இருவரும் ஒரே நொடியில் கத்துகிறார்கள்.

பெருமையாகக் காட்டினேன். சிரித்தாள்.

“அந்தப் பொத்தானை நான் தொடுறதே இல்லைண்ணே.”

“பிறகு?”

“எனக்குத்தான் முந்தியே தெரிஞ்சுருதே. அப்பறம் எதுக்கு டிவி? போனைக் காதுல வச்சுக்கிட்டு, அவுக மூச்சப் பிடிக்கிறதுலேர்ந்து கத்துறது வரைக்கும் முழுசாக் கேப்பேன். சிக்ஸருன்னா சின்னப்புள்ள கணக்கா கத்துவாக. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல படம் வருதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காக. சொல்லிப்புடாதீக.”

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அன்றைக்கு அதற்கு மேல் எழுத ஓடவில்லை.

முடிவு ஆ: அவர் லீவில் ஊருக்கு வருகிறார், ரிமோட்டைக் கையில் எடுக்கிறார், அப்போது

(வரும்போது வரட்டும். அது அவர்கள் பாடு.)

5

கதை அச்சானால் ஷார்ஜாவுக்கும் போகும், அதுதான் சிக்கல். முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். அங்கே தெரிந்தவர் யாராவது இருந்தால் மூன்றாம் பகுதி வரைக்கும் மட்டும் கிழித்துக் கொடுங்கள்.

இதை எழுதும்போதும் ஆட்டம் நடக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆரிபா, போனில் கேட்டுவிடக் கூடாதென்று, டிவி சத்தத்தைச் சட்டென்று குறைத்துவிட்டாள். சிக்ஸராகத்தான் இருக்கும். போனில் அவர் இன்னும்...