ஈயத்துக்கு விழுந்த கைதட்டல்

அந்த வட்டாரத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஒத்தைவெடி என்றால்தான் தெரியும். காட்டுப்பன்றி தோட்டத்தில் இறங்கிக் கிழங்கையெல்லாம் கிளறிப் போட்டுவிட்டுப் போனால், விவசாயிகள் சங்கம் முதலில் ஆள் அனுப்புவது அவர் வீட்டுக்குத்தான். வன அலுவலகத்தின் அனுமதியோடு பன்றி சுடுகிறவர் அவர் ஒருவரே. ஒரே வெடி, பன்றி விழுந்துவிடும். இரண்டாவது வெடிச் சத்தம் கேட்டால், "சுட்டது நம்மாளு இல்லப்பா" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்டவரிடம் போய், ஈயக் குண்டை விட்டுவிட்டுச் செம்புக் குண்டுக்கு மாறுங்கள் என்றார் புதிதாக வந்த கால்நடை மருத்துவர். வயதில் அவருடைய மகளைவிடச் சின்னப் பெண். அதையும் சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். சுட்ட பன்றியின் குடலைக் காட்டோரம் வீசிவிட்டு வருகிறீர்கள், அதைத் தின்ற கழுகுகள் இறக்கையைத் தூக்க முடியாமல் செத்துக் கிடக்கின்றன, வயிற்றில் ஈயத் துணுக்குகள் இருக்கின்றன என்றார். ஈயம் உடம்புக்குள் நொறுங்கிச் சிதறும், செம்பு விரியுமே தவிர உதிராது என்றார்.

ஒத்தைவெடி எழுந்து நின்றார். "கழுகுக்குப் பாவம் பாக்குறீங்க, சரிங்க டாக்டரம்மா. பன்னி பாதி உசுரோட ஓடினா அதுக்கு யாரு பாவம் பாக்குறது?"

கூட்டம் சிரித்தது. அப்படியானால் இரண்டையும் சுட்டு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவோமே என்றார் சங்கத் தலைவர்.

செம்பு, ஈயத்தைவிட லேசான உலோகம். அந்தக் குண்டு போகும் போக்கே வேறு. துப்பாக்கிக் குழாயில் படிந்த பழைய அழுக்கைத் துடைத்தெடுத்து, குறிபார்க்கும் ஸ்கோப்பைப் புதுக் குண்டுக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டுதான் சுட வேண்டும். கற்றுக்குட்டிக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஒப்பிட்டுச் சுடுவதற்கு முந்தின நாள் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒத்தைவெடிக்கும் அது ஞாபகத்துக்கு வரத்தான் செய்தது. கொஞ்ச நேரம் ஸ்கோப்பின் திருகாணியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தொடாமலே உறையில் போட்டு மூடினார். நான் ஒன்றும் செய்யவில்லையே, சும்மாதானே விட்டேன் என்று மனசுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் கைவிடப்பட்ட கல்குவாரியில் சங்கமே கூடியிருந்தது. தூரத்தில் பாறை ஓரமாகத் தண்ணீர் நிரப்பிய கேன்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஈயக் குண்டு பட்ட கேன் வெடித்துத் தண்ணீர் ஆளுயரத்துக்கு எழும்பியது. விசில் பறந்தது. செம்புக் குண்டைப் போட்டுச் சுட்டார். பாறையில் புழுதி கிளம்பியது, கேன் அப்படியே நின்றது. மறுபடி சுட்டார். மறுபடியும் புழுதி.

"ஏன் சார் இப்படி விலகுது?" என்று கேட்டார் டாக்டரம்மா. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முகத்தில் வேறு எதுவும் இல்லை.

"குண்டோட லட்சணம் அப்படிங்க. செம்ப குடத்துக்கு வச்சுக்குங்க, பன்னிக்கு ஈயம்தான்."

கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. டாக்டரம்மா குனிந்து, கீழே கிடந்த வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்தபோது ஒத்தைவெடிக்கு என்னவோ போல் இருந்தது. ஆனால் நாலு பேர் தோளில் தட்டியதும் அது போய்விட்டது.

அடுத்த தெருவில்தான் அவர் மகள் குடியிருந்தாள். மருமகன் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர், அதிர்ந்து பேசாத மனுஷன். மகளுக்கு அது முதல் பிரசவம். வயிற்றுப் பிள்ளைக்குச் சத்து வேண்டும் என்று, சுட்ட பன்றியில் நல்ல கறியாகப் பார்த்து அப்பா கொண்டுவந்து குவித்தார். அவளுடைய ஃப்ரீசர் மூட முடியாத அளவுக்கு நிறைந்திருந்தது. அப்படியும் அவளுக்கு முகம் வெளுத்துக்கொண்டே போனது. மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஊறவில்லை. சந்தேகப்பட்டு ஆஸ்பத்திரி டாக்டர் வேறொரு பரிசோதனை எழுதினார். ரத்தத்தில் ஈயம் இருந்தது.

பிள்ளைக்கு ஆகாது, எங்கிருந்து வருகிறது என்று உடனே கண்டுபிடியுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் பழைய பெயின்ட் உதிர்கிறதா, தண்ணீர்க் குழாய் ஈயமா என்றெல்லாம் கேட்டார்களாம். மருமகன் வேலைக்கு விடுப்புப் போட்டார். மனைவியை மாமியாரிடம் கொண்டுவந்து விட்டுவிட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஏணியில் ஏறிச் சுவர் சுவராகச் சுரண்ட ஆரம்பித்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஒத்தைவெடி.

"இந்த ரூம்லதான் மாமா அவ பகல் பூரா படுத்திருப்பா. இதுலதான் இருக்கணும்" என்று மேலேயிருந்து சொன்னார் மருமகன். கண் இமையெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

"இருக்கும் மாப்ள" என்றார் இவர். சொன்ன வாய் கசந்தது. ஈயம் நொறுங்கிச் சிதறும் என்று டாக்டரம்மா சொன்ன வார்த்தை காதில் விழுந்த அன்றைக்கே அது உண்மை என்று அவருக்குத் தெரியும். எத்தனை பன்றியை அறுத்திருக்கிறார், குண்டு போன வழியைப் பார்க்காதவரா? ஆனால் காயத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி எறிந்துவிட்டுத்தானே கறியை எடுத்தோம்? அந்த ஒரு சாணைப் பிடித்துக்கொண்டு சுவர் முழுக்கச் சுரண்டி முடிகிறவரை ஏணியைப் பிடித்தபடி நின்றார். மருமகன் இறங்கி வந்து, "உங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம் குடுத்துட்டேன் மாமா" என்றதும் அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை.

மகளின் ஃப்ரீசரிலிருந்து ஒரு கறிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கால்நடை மருத்துவமனைக்குப் போனார். டாக்டரம்மா ஒரு நாய்க்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். முடிகிறவரை வாசல் பெஞ்சில் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வேட்டி நனைந்து சில்லிட்டது.

"இத எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும்" என்றார். மகளைப் பற்றியும் சொன்னார்.

டாக்டரம்மா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கறியை மேஜையில் பரப்பிப் படம் எடுத்து, கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறக் கறியில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள், உப்பை அள்ளித் தெளித்த மாதிரி.

"குண்டு பட்ட இடமா இது?"

"இல்லம்மா. அதுலேர்ந்து தள்ளி. தொடைப் பக்கம்."

டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கினார்.

"குவாரில சுட்டேன்ல, அன்னைக்கு நான் ஸ்கோப்பத் திருத்தல" என்றார் ஒத்தைவெடி. "திருத்தியிருந்தா செம்பும் கேன்லதான் பட்டிருக்கும். தெரிஞ்சேதான் விட்டேன்."

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கே படலன்னா குண்டுலதான் கோளாறுன்னு நம்பிட்டேன் சார். செம்பு வேண்டாம்னு மேலிடத்துக்கு நானே எழுதிட்டேன். பக்கத்து ஊருங்கள்லயும் அதப் பாத்துட்டு செம்ப நிறுத்திட்டாங்க."

அவருக்குக் காதுமடல் சுட்டது. ஒரு கேலிக்கு ஆசைப்பட்டுச் செய்தது இத்தனை தூரம் போயிருக்கும் என்று நினைக்கவில்லை.

"மாத்தி எழுதுங்கம்மா. என்னாலதான்னு போட்டு எழுதுங்க. சங்கத்துல நானே சொல்லிடறேன்."

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார். மனைவி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சுரண்டி முடித்து அங்கே வந்திருந்த மருமகன் சுரண்டுகரண்டியைக் கையிலிருந்து கீழே வைத்தார், அவ்வளவுதான். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். அழுவாள், திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்து நின்றார்.

"வேற யாருக்கெல்லாம்ப்பா குடுத்தீங்க?" என்றுதான் கேட்டாள்.

சுட்ட கறியை ஊருக்கெல்லாம் பங்கு போடுகிறவர் அவர். யாருக்குக் கொடுக்கவில்லை? அன்று மாலையே சாக்குப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, நான் கொடுத்த கறி மிச்சம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள், அதில் ஈயம் கலந்திருக்கிறது என்று சொன்னார். சிலர் பதறினார்கள். சிலர் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள். தையல்காரர், "எங்க அண்ணே மிச்சம் இருக்கு, எலும்பக்கூட விடல!" என்று சிரித்தார்.

கடைசியாக, அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிக்குப் போனார். சமையல்கார அம்மாள் அவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக வந்தாள்.

"வாங்க வாங்க! கறி கொண்டாந்திருக்கீங்களா? நீங்க குடுத்ததுன்னு சொன்னா போதும், பிள்ளைங்க தட்டுல ஒரு துண்டு மிச்சம் வைக்காது."

சாக்குப் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். வீட்டில் சொன்னதும் டாக்டரம்மாவிடம் சொன்னதும் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. சொல்ல ஆரம்பித்தார், பாதியில் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார். அந்த அம்மாள் முழுதும் கேட்டுவிட்டு உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். மேலே இருந்த கறிப் பாத்திரத்தை அப்படியே கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது அவரும் கூடவே போனார். ரத்தம் எடுக்க ஒவ்வொரு கையிலும் ஊசி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகச் சொல்லியும் போகவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை, நாலைந்து பேரை மட்டும் அடிக்கடி கொண்டுவந்து காட்டுங்கள் என்றார்கள். காட்டுவதற்கு அவரே கூட்டிப் போனார். சங்கக் கூட்டத்தில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை, யாரும் திட்டவுமில்லை. தலைவர் மட்டும், "உங்கள நம்பித்தானே நாங்களும் கைதட்டினோம்" என்றார். செம்புக்கு மாறுவதென்று தீர்மானம் போட்டார்கள். வேறு ஆளை வைத்துச் சுடுவதென்றும் போட்டார்கள்.

கறியை நிறுத்தியதும் மகளின் ரத்தத்தில் ஈயம் இறங்கத் தொடங்கியது. பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, குரல் மட்டும் ஊரைக் கூட்டியது. வளர வளரத்தான் முழுசாகத் தெரியும் என்றார் டாக்டர். ஒத்தைவெடி வாசலோடு நின்று எட்டிப் பார்த்தார்.

"தூக்குறீங்களாப்பா? கையக் கழுவிட்டு வாங்க" என்றாள் மகள். சாதாரணமாகத்தான் சொன்னாள், யார் வந்தாலும் சொல்வது போல.

குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினார். நகக்கண்களைத் தேய்த்தார். மறுபடி சோப்புப் போட்டார். உள்ளேயிருந்து, "போதும்ப்பா, வாங்க" என்று மகள் கூப்பிட்டாள். அவர் மூன்றாவது தடவையாகச் சோப்பை எடுத்தார்.