புவனேந்திரனின் இடது காது

தீவின் பழைய கடற்படைத் துறைமுகத்தில், கப்பல் வராத நாட்களில், சுற்றிப் பார்க்க வருகிறவர்களைப் பழுதுபார்த்து அனுப்புவார்கள். கப்பலை நிறுத்திப் பழுதுபார்க்க வெள்ளைக்காரன் வெட்டிய கற்குழி சும்மா கிடக்கக் கூடாதல்லவா. போன ஞாயிறு தவமலரும் கணவர் புவனேந்திரனும் போயிருந்தார்கள்.

புவனேந்திரனுக்கு முழங்கால் வலி. அவரைக் குழிக்குள் இறக்கி, இரண்டு பக்கமும் மரக்கட்டை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். முதுகில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டினார்கள். இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்தும் அவை கண்ணில் படவில்லையே என்று தவமலருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இடுப்புக்குக் கீழே சிவப்பு வண்ணம் பூசி, வலது காதைப் பஞ்சும் தாரும் வைத்து அடைத்தார்கள். இடது காது பாக்கி.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நல்லபடி முடியட்டும் என்று பிள்ளையாரை நினைத்து, பையிலிருந்த இரண்டு தேங்காய்களில் ஒன்றைக் குழியின் விளிம்பில் உடைத்தாள்.

வேலையாட்கள் உடனே மேலே ஏறிவிட்டார்கள். கடல் பக்கத்து மதகு திறந்தது.

"வெள்ளைக்காரன் இருக்கேக்க கப்பலைத் தண்ணியில இறக்கப் போத்தில் உடைச்சான் தங்கச்சி," என்றார் மேற்பார்வையாளர் செபமாலை. "இப்ப நாங்கள் தேங்காய். உடைச்சா இறக்கத்தான் வேணும்."

"ஒரு காது அடைக்கேல்லையே. அவருக்கு நீந்தவும் தெரியாது."

"கப்பல் நீந்திறதில்லை."

தண்ணீர் புவனேந்திரனின் நெஞ்சுக்கு வந்தது. அந்தக் காதுக்குள் தண்ணீர் போனால் அவர் மூழ்கிவிடுவார்.

"இஞ்சாருங்கோ, வலப்பக்கம் சரியுங்கோ," என்று கத்தினாள்.

அவர் சரிந்தார். இடது காது தண்ணீருக்கு மேலே நிற்க, மெல்ல மிதந்து மதகைத் தாண்டி வெளியே போனார்.

"எப்ப திரும்பி வருவார்?"

"அடுத்த பழுதுக்கு. சிலது முப்பது வருஷம் போனாலும் பழுதாகிறதில்லை."

தவமலர் துறைமுக வாயைப் பார்த்தாள். அதற்கப்பால் பெருங்கடல். புவனேந்திரன் பாதித் தூரம் போயிருந்தார். அவர் இல்லாத வீட்டை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. மதகை மூடித் தண்ணீரை இறைக்கச் சொன்னாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினாள்.

"கப்பலாச் செய்யிறதோ, இழுவைப் படகாவோ?" என்று கேட்டார் செபமாலை.

"இழுவைப் படகு."

அவர் அவளுடைய இடுப்பை அளந்து, தடித்த கயிறு கொண்டுவரச் சொன்னார். அவள் மீதித் தேங்காயை அவரிடம் நீட்டினாள்.

"ரெண்டு காதும் அடைச்ச பிறகு உடையுங்கோ."

துறைமுக வாயருகே புவனேந்திரன் ஒருமுறை ஊதினார். வண்ணம் காயாமலே தவமலரும் பதிலுக்கு ஊதினாள்.